தாளைப் பாராத கண்: எலிசபெத் லேட்டனும் வண்ணப் பென்சிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழாவில் கவிதையை விட்டுவிட்டு ஓவியத்தைப் பற்றி, அதிலும் பள்ளிப் பிள்ளைகளின் பையில் கிடக்கும் வண்ணப் பென்சிலைப் பற்றிப் பேச வருவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், தமிழ் வழக்கில் இவ்விரண்டும் அத்துணைத் தொலைவில் இருப்பவை அல்ல. கவிதையை எழுதுவது போலவே ஓவியத்தையும் 'எழுதுவது' என்றுதான் முன்னோர் வழங்கினர். கண்ணுக்கு மையிடுவதும் மையெழுதுதலே. கோடு ஒன்றுதான்; அது சொல்லாவதும் உருவாவதும் கையின் போக்கைப் பொறுத்தது. ஆகவே, ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டு இருட்டிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்மணியின் வரலாறு இவ்வவைக்கு அயலானது ஆகாது.

அவர் பெயர் எலிசபெத் லேட்டன். அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், கோதுமை விளையும் கான்சாஸ் மாநிலத்தில், வெல்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1909இல் பிறந்தவர். 1993இல் தம் 83ஆம் வயதில் மறைந்தவர். இவ்வாண்டுகளில் கடைசிப் பதினைந்தே அவர் ஓவியராக வாழ்ந்த காலம். அதற்கு முன் அவர் ஓவியர் அல்லர். ஓவியராக வேண்டும் என்று ஏங்கியவராகவும் தெரியவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவர் கையிலெடுத்த கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஓவிய உலகில் கருவிகளுக்கும் சாதி உண்டு. தைலவண்ணம் அரியணையில் இருக்கும். நீர்வண்ணம் அதனருகே நாற்காலியில் இருக்கும். வண்ணப் பென்சில் வாசற்படியில் நிற்கும். அதன்மீது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, அது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள். பெரியவர்களின் பெரிய செய்தியைத் தாங்காது. மற்றொன்று, அதன் நிறம் நில்லாது. வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். முதற் குற்றச்சாட்டுக்கு விடை சொன்னவர்களுள் லேட்டன் தலையாயவர். இரண்டாவதற்கு விடை தேடியவர்கள் வேறு சிலர். அவர்களைப் பற்றிப் பின்னர்ப் பார்க்கலாம்.

வண்ணப் பென்சிலின் நடுத்தண்டு, சாதாரணப் பென்சிலின் தண்டைப் போலச் சூளையில் சுட்டு ஆக்கப்படுவதன்று. வண்ணத்தூளோடு மெழுகையோ எண்ணெயையோ சேர்த்து, வெண்களிமண் போன்ற நிரப்பும் பொருளும் பசையும் கலந்து பிசைந்து, நூலாக நெருக்கியெடுத்து உலர்த்துவர். அதன்பின் மரத்துக்குள் பொதிவர். ஓவியர்களுக்கென்றே உயர்ந்த தரத்தில் இதனைச் செய்யும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டல் நிறுவனம் 'பாலிகுரோமோஸ்' என்னும் வரிசையை 1908இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஈகிள் பென்சில் நிறுவனம் 'பிரிஸ்மாகலர்' வரிசையை 1938இல் கொணர்ந்தது. சுவிட்சர்லாந்தின் கரான் தாஷ் நிறுவனத்தின் பெயரில் ஒரு சுவை உண்டு. மாஸ்கோவில் பிறந்த பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. பென்சிலைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லாகிய 'கரந்தாஷ்' என்பதன் மறுவடிவம். அந்த ரஷ்யச் சொல்லோ துருக்கிய மொழிகளிலிருந்து வந்தது. கருங்கல் என்பது அதன் பொருள் என்பர். நிறங்களை விற்கும் நிறுவனம் கருமையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி லேட்டனின் வாழ்க்கை. தந்தையார் உள்ளூர்ச் செய்தித்தாள் நடத்தியவர். தாயார் அதில் பத்தி எழுதியவர், கவிதையும் எழுதியவர். எழுத்தும் அச்சும் நிறைந்த வீடு. மணம் நடந்தது; ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்; மணம் முறிந்தது. பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குத் திரும்பி, தந்தைக்குப் பின் அந்தச் செய்தித்தாளைப் பல்லாண்டுகள் தாமே நடத்தினார். பின்னர் கிளென் லேட்டன் என்பவரை மணந்துகொண்டார். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு, சிற்றூரில் உழைத்து வாழ்ந்த ஒரு பெண்ணின் வரலாறு இது. உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முப்பதாண்டுக்கும் மேலாக அவரைக் கொடிய மனச்சோர்வு நோய் பற்றியிருந்தது. மருந்துகள் கொடுக்கப்பட்டன, உளமருத்துவர்கள் பேசிப் பார்த்தனர், மின்னதிர்ச்சிச் சிகிச்சை 13 முறை தரப்பட்டது. எதுவும் நிலையான பயனளிக்கவில்லை. அதன்மேல், 1976இல் மகன் ஒருவர் நோயுற்று இறந்தார்.

அடுத்த ஆண்டு, உடன்பிறந்தாள் சொல்லக்கேட்டு, ஓவிய வகுப்பொன்றில் சேர்ந்தார். வகுப்பு நடந்த இடம் அருகிலுள்ள ஆட்டவா நகரத்துப் பல்கலைக்கழகம். கனடாவின் தலைநகரன்று, கான்சாஸில் அதே பெயர் கொண்ட சிறு நகரம். பேரன் பேத்தி வயதுடைய மாணவர்களோடு, அறுபத்தெட்டை எட்டிய மூதாட்டி ஒருவர் பென்சிலும் தாளுமாக அமர்ந்த காட்சியை அவையோர் எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியை பால் ரைட் அங்கே கற்பித்தது புறக்கோட்டு வரைவு என்னும் முறை.

இம்முறை எளிது, ஆனால் செய்வதற்குக் கடினம். வரையப்படும் பொருளின் ஓரத்தில் கண்ணை வைக்க வேண்டும். எறும்பு ஊர்வது போலக் கண் அவ்வோரத்தின்மீது நகர வேண்டும். கண் நகரும் வேகத்திலேயே பென்சில் தாளின்மீது நகர வேண்டும். பென்சிலின் முனை தாளையன்று, அப்பொருளையே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வரைபவர் நம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரையும்போது தாளைப் பார்த்தல் ஆகாது. கிமோன் நிக்கொலைடிஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர் தம் மாணவர்க்குக் கற்பித்த பாடம் இது. அவர் 1938இல் மறைந்தபின், 1941இல் நூலாக வெளிவந்து பல்லாயிரம் பேர்க்குப் பயன்பட்டது.

தாளைப் பாராமல் வரைந்தால் என்னவாகும்? கோடு தள்ளாடும். காது தோளின்மேல் வந்து விழும். கை முகத்தைவிடப் பெரிதாகும். அழகான படம் வேண்டுமென்று வருபவர் இரண்டே நாளில் ஓடிவிடுவார். ஓடாமல் நின்றவர்க்கு ஒன்று கிட்டும். வழக்கமாக வரையும்போது கை தான் ஏற்கெனவே அறிந்த கண்ணையும் மூக்கையும் போட்டு முடித்துவிடுகிறது; கண் பார்க்கவே இல்லை. தாளை மறைத்துவிட்டால் கைக்கு அந்த வசதி இல்லை. கண் கண்டதை மட்டுமே கை செய்ய முடியும். அப்போது விழும் கோட்டில் அளவு பிழைபட்டிருக்கும். ஆனால் பொய் இராது.

கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எழுதும்போது பொருளைப் பார்த்து எழுதும் கவிஞர் உண்டு. தாளைப் பார்த்து எழுதும் கவிஞரும் உண்டு. இரண்டாமவர் ஓரடி எழுதியதும் அது அழகாக விழுந்ததா என்று பார்க்கிறார். அவ்வழகுக்குப் பொருத்தமாக அடுத்த அடியைத் தேடுகிறார். நிலவும் மலரும் கைப்பழக்கத்தில் தாமே வந்து அமர்கின்றன. வட்டங்களில் படிக்கப்படும் கவிதைகள் பலவற்றின் குறை சொல்வளக் குறையன்று. கண் பொருளை விட்டுத் தாளுக்குத் தாவிவிடும் குறைதான்.

லேட்டன் ஓடவில்லை. பார்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் அவரே. கண்ணாடியொன்றை வைத்துக்கொண்டு, அதில் தெரிந்த தம் முகத்தையும் கையையும் உடலையும் வரைந்தார். முதுமையின் சுருக்கங்கள், தோலின் கறைகள், புடைத்து நிற்கும் நரம்புகள், தளர்ந்த மார்பு, பருத்த வயிறு ஆகியவற்றுள் ஒன்றையும் விடவில்லை. மனச்சோர்வில் இருப்பவர் தம்மைத் தாமே காண அஞ்சுவர். அவ்வச்சத்துக்கு நேராகவே அவர் கண்ணாடியை வைத்தார். வீட்டுக்குள்ளே, நாள்தோறும், கோட்டுக்கு மேல் கோடாக வரைந்தார். வரையத் தொடங்கிச் சில திங்களில் நோய் தம்மை விட்டு நீங்கியதாக அவர் சொன்னார். மருந்தும் மின்னதிர்ச்சியும் தராத விடுதலையை ஓவியம் தந்ததென்பதே அவர் கடைசிவரை கொண்டிருந்த நம்பிக்கை.

புறக்கோடு விழுந்தபின் நிறம். இதில்தான் வண்ணப் பென்சிலும் மெழுகுக் கிரேயானும் அவர்க்குத் துணையாயின. அவை சமையலறை மேசையிலேயே பயன்படுத்தத்தக்கவை. தைலத்தின் நாற்றமில்லை, உலரக் காத்திருக்க வேண்டியதில்லை, தனிக்கூடம் வேண்டியதில்லை. எந்நேரமும் எடுக்கலாம்; எந்நேரமும் வைக்கலாம். ஆனால் அவசரப்படுத்த முடியாது. தூரிகை ஒரே இழுப்பில் நிரப்பும் பரப்பை, பென்சிலின் கூர்முனை நூற்றுக்கணக்கான கீறல்களால் நிரப்ப வேண்டும். ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறத்தை மெல்லப் படலமிட வேண்டும். கீழுள்ளது மேலுள்ளதன் வழியே தெரிய வேண்டும். இருண்ட நிறத்தின்மேல் வெளிர்நிறத்தைப் போட்டு மறைக்கவும் இயலாது; வெண்மை வேண்டிய இடத்தில் தாளை முதலிலிருந்தே தொடாமல் காக்க வேண்டும். ஓரளவுக்குமேல் அழிக்கவும் இயலாது. இவ்வளவு பொறுமையைக் கேட்கும் கருவி, பொறுமையிழந்த உள்ளத்துக்கு மருந்தாயிற்று என்பது புதிரன்று.

தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கப் பிள்ளைகள் பயன்படுத்தும் கிரேயோலா பெட்டியில் ஒரு காலத்தில் 'தசை' என்னும் பெயரிட்ட வண்ணக்கட்டி ஒன்று இருந்தது. வெளிர் இளஞ்சிவப்பு நிறம். வெள்ளையர் தோலே மனிதத் தோல் என்று அப்பெயர் பிள்ளைகளுக்குச் சொல்லாமற் சொல்லியது. 1962இல் அந்நிறுவனம் அப்பெயரை நீக்கிப் பழத்தின் பெயரான 'பீச்' என்று மாற்றியது. கருப்பரின் தோல் மட்டுமன்று, வெள்ளையரின் முதிய தோலும் அக்கட்டியில் அடங்காது. எழுபது வயதுப் பெண்ணின் புறங்கையை உற்றுப் பார்த்தவர்க்குத் தெரியும்: அங்கே நீலம் உண்டு, பச்சை உண்டு, பழுப்பு உண்டு, ஊதா உண்டு. பெட்டியிலுள்ள எல்லா நிறங்களும் ஒரு கையில் உண்டு.

அவ்வகுப்பு மாணவர்களின் ஓவியங்கள் பல்கலைக்கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது, டான் லாம்பர்ட் என்னும் இளம் செய்தியாளர் அவற்றைக் காணச் சென்றார். லேட்டனின் ஓவியங்கள் அவரை நிறுத்தின. வரைந்தவரைத் தேடிச் சென்றார், எழுதினார், ஓவியக்கூடங்களுக்குக் கடிதம் எழுதினார், பிறர் காண வழிசெய்தார். ஓவியர் வரைவார், ஆனால் அவர் வரைந்ததை ஊர் காணும்படி செய்ய ஒருவர் வேண்டும். புலவர்க்கு ஏட்டைத் தேடியலைந்த பதிப்பாசிரியர் வாய்த்தது போல, லேட்டனுக்கு லாம்பர்ட் வாய்த்தார். 1980களில் அவ்வோவியங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சுற்றுக் கண்காட்சியாகச் சென்றன. நியூயார்க்கின் திறனாய்வாளர்களும் அவரை உயர்த்தி எழுதினர். 1992இல் வாஷிங்டன் நகரில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க ஓவியத்துக்கான தேசிய அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. இறப்பதற்கு முந்தைய ஆண்டு அது.

காட்சிக்கு வந்தவர்கள் கண்டவை எவை? தன் உடலைப் பார்க்கும் மூதாட்டியின் உருவம் முதலில். ஆனால் அவ்வுருவம் நாளடைவில் வீட்டுக்குள் அடங்கவில்லை. பசி, இனவெறி, மரணதண்டனை, அணுகுண்டு, எய்ட்ஸ் நோய், பெண்களின் உரிமை என்று நாட்டின் புண்கள் ஒவ்வொன்றும் அவர் தாளில் வந்தன. அவற்றைப் பற்றிய கருத்துகளாக வரவில்லை. அவற்றைத் தன் உடம்பில் சுமக்கும் ஒரு கிழவியாகவே வந்தன. செய்தித்தாள் நடத்தியவரின் கண் அது என்று சொல்லத் தோன்றுகிறது. பெருஞ்செய்தியைச் சுருக்கங்கள் விழுந்த ஒரு முகத்தின் வழியாகச் சொல்வதற்கு அவர் கற்றிருந்தார். பதினைந்தாண்டில் வரைந்தவை ஏறத்தாழ ஆயிரம்.

இவரைச் செய்தித்தாள்கள் 'கிராண்ட்மா லேட்டன்' என்று அழைத்தன. பாட்டி என்பது பொருள். அன்புடைய பெயர்தான். எனினும் அதில் ஒரு வஞ்சனை இருக்கிறது. அதே நாட்டில் 'கிராண்ட்மா மோசஸ்' என்று புகழ்பெற்ற அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் என்னும் மூதாட்டி இருந்தார். 1860இல் பிறந்து 1961 வரை வாழ்ந்தவர். எழுபதைக் கடந்தபின் ஓவியத்துக்கு வந்தவர். பனிபெய்த வயல்களையும் பழைய நாட்டுப்புறத் திருநாள்களையும் வரைந்தார். வாழ்த்து அட்டைகளில் அவை நாடெங்கும் சென்றன. பாட்டியென்றதும் மக்கள் அத்தகைய இனிமையை எதிர்பார்க்கிறார்கள். லேட்டன் அந்த இனிமையைத் தரவில்லை. மோசஸ் போனதைப் பார்த்தார்; லேட்டன் இருப்பதைப் பார்த்தார். இருவரையும் ஒரே பெயரால் விளிப்பது, வயதைச் சொல்லி ஓவியத்தை மறைப்பதாகும்.

வேறொரு பெயரும் அவர்மீது ஒட்டப்பட்டது. அது இன்னும் ஆபத்தானது. ஓவியத்தால் நோய் தீர்ந்தவர் என்பது அது. கான்சாஸிலேயே டொபீகா நகரில் அந்நாளில் இயங்கிய மெனிங்கர் உளமருத்துவ நிலையத்தைச் சார்ந்த ஓவிய மருத்துவர் ராபர்ட் ஆல்ட், லேட்டனின் வரைமுறையைச் சோர்வுற்ற பிறர்க்கும் பயன்படுத்த முயன்றார். நல்ல முயற்சி, அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால், இதனால் லேட்டனின் ஓவியங்களை மருத்துவக் குறிப்புகளாகப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் ஏற்பட்டது. பாவம், நோயாளி வரைந்தது என்ற இரக்கத்தோடு ஓர் ஓவியத்தின்முன் நிற்பது அவ்வோவியத்தை அவமதிப்பதாகும். புறக்கோட்டு வரைவைக் கற்றவர் பல்லாயிரம் பேர். அவர்களுட் சிலர்க்கு ஆறுதலும் கிடைத்திருக்கும். அவர்கள் எல்லாரும் இந்த ஆயிரம் ஓவியங்களை வரைந்துவிடவில்லை. ஆறுதல் வரைந்தவர்க்குக் கிடைத்த கூலி. சுவரில் தொங்குவது கோடு. அக்கோடு தன் காலில் நிற்கிறதா என்பது ஒன்றே பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, அது நிற்கிறது.

அவர் தம் ஓவியங்களை விற்கவில்லை. வாங்க வந்தவர்க்கு மறுத்தார். அருங்காட்சியகங்களுக்கும் அன்பர்களுக்கும் பொதுநலப் பணிகளுக்கும் கொடுத்தார். இச்செய்தியைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். சற்றுப் பொறுத்துத் தட்டுவது நல்லது. விற்காத ஓவியமே தூயது என்ற கொள்கை பசியறியாதார் கொள்கை. லேட்டன் மறுத்தது அவருடைய உரிமை. அது மற்றவர்க்கு விதியாகிவிடக் கூடாது. இதழ்களுக்கு இலவசமாகக் கவிதை கொடுத்தே பழகிய கவிஞர்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வண்ணப் பென்சிலையே நம்பி வாழ முற்படும் ஓவியரின் நாள் எப்படி இருக்கும்? கையகல ஓவியத்துக்கே பல மணிநேரம் பிடிக்கும். வரைபலகை அளவு பெரிதானால் வாரங்கள், மாதங்கள். முனை மழுங்க மழுங்கக் கூராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி பென்சில் சீவலாகிக் குப்பைக்குப் போகும். எஞ்சிய துண்டுகளைக் குழலில் செருகிக் கடைசி விரற்கடை வரை பயன்படுத்துவர். மெழுகு மிகுந்த பென்சிலானால், வரைந்து சில நாள் கழித்து மெழுகு மேலெழுந்து வெண்ணிறப் புகைபோல் படரும். மென்துணியால் துடைத்துக் காப்புப் பூச்சு தெளிக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கும், கழுத்து வலிக்கும். முடித்தபின் சட்டமிட்டுக் கண்ணாடி போட வேண்டும். இது கேன்வாஸ் ஓவியர்க்கு இல்லாத செலவு. கண்காட்சிக்கு அனுப்ப நுழைவுக் கட்டணம், பொதிந்தனுப்பும் கூலி. விற்றால் கூடத்தாரின் பங்கு பாதிவரை போகும். தாளில் வரைந்தது என்பதால் விலையும் குறைத்தே கேட்கப்படும். செலவிட்ட மணிகளால் வகுத்துப் பார்த்தால் கிடைப்பது கொத்தனார் கூலிக்கும் கீழே. ஆகவே பெரும்பாலோர் வகுப்பு நடத்துகிறார்கள். வீட்டு நாயின் உருவத்தையும் பேரக்குழந்தையின் உருவத்தையும் கேட்டபடி வரைந்து கொடுக்கிறார்கள். இரவில் தமக்கென்று வரைகிறார்கள்.

இத்தகையோர் தனித்தனியே, தாம் ஒருவரே இப்படி என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 1983இல் பெட் போர்க்சன் என்னும் ஓவியர் வண்ணப் பென்சில் கலைக்கென்றே தனிநூல் வெளியிட்டார். 1990இல் மிச்சிகன் மாநிலத்தைச் சார்ந்த வேரா கர்னோ அமெரிக்க வண்ணப் பென்சில் கழகத்தை நிறுவினார். லேட்டன் உயிரோடிருந்த ஆண்டுகள் அவை. அவர் வழி வேறு, இவர்கள் வழி வேறு. கழகம் ஆண்டுதோறும் நடுவர் தேர்ந்தெடுக்கும் கண்காட்சியை நடத்தத் தொடங்கியது. அதன் முதன்மைக் கண்காட்சிக்கு வரும் ஓவியம் முழுவதும் வண்ணப் பென்சிலால் ஆனதாக இருத்தல் வேண்டும். பிறர் வெளியிட்ட நிழற்படத்தையோ ஓவியத்தையோ பார்த்தெடுத்ததாக இருத்தல் கூடாது. பத்தாண்டு காணும் எந்த வட்டமும் இக்கழகத்தின் தொடக்கத்தைப் புரிந்துகொள்ளும். தனியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஓரிடத்தில் கூடித் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்வதுதானே எல்லா வட்டங்களின் தொடக்கமும்.

மேலே சொல்லப்பட்ட இரண்டாவது குற்றச்சாட்டை எதிர்கொண்டவர்கள் இவர்களே. அக்குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் விளம்பரப்பட வரைவாளர்களுக்காகவும் செய்யப்பட்ட பென்சில்களில், நிறம் பெட்டியில் ஒளிர்ந்தால் போதும் என்பதே கணக்கு. விளம்பரப்படம் அச்சேறியதும் அதன் மூலத்துக்கு வேலையில்லை. அப்பென்சில்களால் வரைந்த ஓவியத்தைச் சன்னலுக்கு எதிரே மாட்டினால், ஊதாவும் இளஞ்சிவப்பும் முதலில் விடைபெறும். நீலமும் சிவப்பும் கலந்து ஊதாவாக நின்ற மாலை வானம், சிவப்பு போனபின் வெறும் நீலமாகும். இதழின் சிவப்புப் போனால் முகம் நோயாளி முகமாகும். பணம் கொடுத்து வாங்கியவர் சில ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தால் ஓவியர் என்ன விடை சொல்வார்?

கழகத்தினர் தாமே சோதனையில் இறங்கினர். பென்சில் கோடுகளை அட்டையில் இட்டு, பாதியை மறைத்துப் பாதியை வெயிலில் வைத்தனர். அளவுகோலாக நீலக் கம்பளித் துண்டுகள் இருந்தன. இன்ன துண்டு வெளுக்கும்போது இன்ன அளவு ஒளி பட்டது என்று கணிக்கும் பழைய முறை அது. இம்முயற்சி பின்னர் அமெரிக்கத் தர அமைப்பினால் வண்ணப் பென்சிலுக்கென ஒரு தரவிதியாக உருப்பெற்றது. அதன் எண் 6901. கரான் தாஷ் நிறுவனம் அத்தரத்துக்கேற்பச் செய்த 'லூமினன்ஸ்' வரிசையின் பெயரோடு அவ்வெண்ணையே சேர்த்துக்கொண்டது. இன்று நல்ல பென்சிலை வாங்குவோர், நிறம் எத்துணை நிற்கும் என்பதனை அதன் தண்டிலோ அட்டவணையிலோ உள்ள குறியால் அறியலாம். ஒரு கருவியைப் பயன்படுத்துவோரே ஒன்றுகூடி, அதனைச் செய்வோரை நேர்மைக்குக் கொண்டுவந்த செய்தி இது. ஓவிய வரலாறுகள் இதனைப் பெரிதாக எழுதுவதில்லை. பெருங்கலைஞர் ஒருவரின் தனிவாழ்வுச் செய்திக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

நிறம் நிற்கும் பென்சிலானாலும் தாளோவியத்தை என்றென்றும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. அருங்காட்சியகங்களில் இதற்கென ஒழுங்கு உண்டு. தாளோவியம் தொங்கும் அறையில் ஒளியின் அளவு 50 லக்ஸுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வர். பகல் வெளிச்சம் நிறைந்த நம் கூடங்களோடு ஒப்பிட்டால் அது அந்தி மயங்கும் நேரம். சில திங்கள் காட்சிக்கு வைத்தபின் ஓவியத்தை இறக்கி, அமிலமற்ற தாள்களுக்கிடையே இட்டு, இருண்ட இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் ஓய்வு கொடுப்பர்.

லேட்டனின் ஓவியங்களுக்கும் அதுவே நிலை. கான்சாஸ் மாநிலத்து அருங்காட்சியகத்துக்கு அவற்றைக் காணச் செல்பவர், அன்று அவை சுவரில் இல்லாமற் போகவும் கூடும் என்பதை அறிந்தே செல்ல வேண்டும். முன்னதாக எழுதிக் கேட்டுக்கொண்டால், காப்பாளர் கையுறை அணிந்து இழுப்பறையை இழுத்து, மேலே மூடிய தாளை நீக்கிக் காட்டுவார். பார்ப்பவர் குனிந்து பார்க்க வேண்டும். நேராக நின்று பார்க்கும் சுவரோவியம் போலன்றி, வரைந்தவர் மேசைமீது குனிந்து வரைந்த அதே நிலையில், அதே தொலைவிலிருந்து, புடைத்த நரம்போடு கூடிய ஒரு முதிய கையை அங்கே காணலாம்.